இருதயம் கடினப்படாதபடிக்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் நம்முடைய ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். அவிசுவாசத்துக்கும் இருதய கடினத்துக்கும் நம்மை விலக்கிக் காத்துக்கொள்வதைக் குறித்து இந்த வேளையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவிசுவாசம் என்றவுடன், கடவுள் இல்லை என்று வாதாடுகிறவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 3ஆம் அதிகாரம் 12ஆம் வசனம் அவர்களைப் பார்த்துப் பேசவில்லை. "சகோதரரே, ஜீவனுள்ள தேவனை விட்டு விலகுவதற்கேதுவான அவிசுவாசமுள்ள பொல்லாத இருதயம் உங்களில் ஒருவனுக்குள்ளும் இராதபடிக்கு நீங்கள் எச்சரிக்கையாயிருங்கள்" என்று அது சபைக்குள் இருக்கிறவர்களையே எச்சரிக்கிறது. அதே நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தை வாசித்தால், அவர்கள் விசுவாசத்தினிமித்தம் நிந்தைகளையும் உபத்திரவங்களையும் சகித்தவர்கள் என்றும், தங்கள் ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டதைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டவர்கள் என்றும் அறிகிறோம். அப்படிப்பட்டவர்களுக்கே இந்த எச்சரிப்பு தேவைப்பட்டதென்றால், நமக்கு அது தேவையில்லை என்று யாரும் எண்ண முடியாது.

நிருபத்தை எழுதியவர் 95ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டி, வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலரை நமக்கு முன் நிறுத்துகிறார். எண்ணாகமம் 13ஆம், 14ஆம் அதிகாரங்களில் அந்த வரலாறு இருக்கிறது. தேவன் தருவதாக வாக்குக்கொடுத்த கானான் தேசத்தை வேவுபார்க்கச் சென்ற 12 பேர் 40 நாள் அந்தத் தேசத்தைச் சுற்றிப் பார்த்து, எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரு திராட்சக்குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கிவரும்படியான செழிப்பைக் கண்டு திரும்பினார்கள். வாக்குத்தத்தம் உண்மை என்பதற்கான அத்தாட்சி, ஜனங்கள் கையால் தொட்டுப்பார்க்கும் தூரத்தில் இருந்தது. அன்று காலையிலும் அவர்கள் வானத்திலிருந்து வந்த மன்னாவைத்தான் பொறுக்கிச் சாப்பிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும், அந்தத் தேசத்து இராட்சதருக்கு முன் நாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்று 10 பேர் சொன்ன வார்த்தையைக் கேட்டு, ஜனங்கள் இராமுழுதும் அழுது, வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்று பேசத் தொடங்கினார்கள். காலேபும் யோசுவாவும் மட்டுமே எதிர்த்து நின்றார்கள். வேவுபார்த்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வருஷமாக 40 வருஷம் அந்தத் தலைமுறை வனாந்தரத்தில் அலைந்தது. அவர்களுக்கு அத்தாட்சி போதாமற்போகவில்லை. கண்ட நன்மையைக்கொண்டு தேவனை நம்புவதற்கு இருதயம் மறுத்துவிட்டது.

இருதயம் ஒரே நாளில் அப்படி ஆகிவிடுவதில்லை. கருவி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போகிறவிதமாக, கேட்ட வசனத்துக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடங்கொடாமல் விலகிக்கொள்ளும்போது உணர்வு குன்றிப்போகிறது. இஸ்ரவேலரை அடிமைப்படுத்தியிருந்த எகிப்தின் ராஜாவாகிய பார்வோனுடைய வரலாற்றில் இதைக் காண்கிறோம். தவளைகளால் தேசம் நிறைந்தபோது அவன் மோசேயை அழைத்து ஜெபிக்கச் சொன்னான். தவளைகள் ஒழிந்து இலகுவுண்டானதைக் கண்டதும் தன் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான் என்று யாத்திராகமம் 8ஆம் அதிகாரம் சொல்லுகிறது. கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்றும், அவனே அதைக் கடினப்படுத்தினான் என்றும் அந்தப் புஸ்தகம் இரண்டையும் சொல்லுகிறது. அந்த ஆழமான கேள்வியைச் சில நிமிஷங்களில் அவிழ்க்க நான் முயலவில்லை. நமக்குப் பயன்படும் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன்: நெருக்கத்தில் இளகின இருதயம், நெருக்கம் நீங்கினவுடன் இறுகிப்போகக்கூடும். நோய்ப்படுக்கையில் செய்த பொருத்தனைகள் சுகமானபின் என்னவாயின என்பதை நாம் ஒவ்வொருவரும் ஆராய்ந்து பார்க்கலாம்.

பார்வோனைப் பார்ப்பது நமக்கு எளிது, ஏனென்றால் அவன் சத்துரு. மாற்கு சுவிசேஷமோ சீஷர்களையே காட்டுகிறது. 8ஆம் அதிகாரத்தில் அவர்கள் அப்பங்களைக் கொண்டுவர மறந்து, படவில் ஒரே ஒரு அப்பத்தோடு, நம்மிடத்தில் அப்பமில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து அப்பங்களால் 5000 பேர் திருப்தியான பின்பு 12 கூடைகளும், ஏழு அப்பங்களால் 4000 பேர் திருப்தியான பின்பு ஏழு கூடைகளும் மீந்ததை எடுத்துவைத்த கைகள் அவர்களுடையவை. "இன்னும் உங்கள் இருதயம் கடினமாயிருக்கிறதா?" என்று கர்த்தர் கேட்டது அவர்களிடத்திலேதான். அவர்கள் அவரை மறுதலிக்கவில்லை. அவரோடே ஒரே படவில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அவர் செய்ததை மறந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை மிகவும் கலங்கவைக்கிற வேதபகுதி இது.

இன்றைய வாழ்க்கையில் இது எப்படி நடக்கிறது? உடன்பிறந்தவரோடு மனஸ்தாபம் கொண்டிருக்கும் ஒருவர், மன்னிப்பைக் குறித்த பிரசங்கத்தைக் கேட்கிறார். வசனம் உள்ளத்தில் தைக்கிறது. அன்று இரவு கைப்பேசியை எடுத்து அந்தப் பெயர்வரைக்கும் போகிறார். அவர்தானே முதலில் பேசவேண்டும் என்று எண்ணி, அதைக் கீழே வைத்துவிடுகிறார். சில மாதங்கள் கழித்து அதே வசனத்தை மறுபடியும் கேட்கும்போது அந்த வலி வருவதில்லை. அதற்கடுத்த முறை, இந்தப் பிரசங்கத்தை இன்னாரல்லவா கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஆராதனை, காணிக்கை, பாட்டு எதுவும் நின்றுபோகவில்லை. வசனத்தால் குத்துண்ணும் இருதயம் மட்டும் இல்லாமற்போயிற்று. "பாவத்தின் வஞ்சனை" என்று எபிரெயர் நிருபம் சொல்லுவது இதைத்தான். பாவம் தன்னை நியாயம்போலக் காட்டிக்கொள்ளுகிறது.

இதற்கு நிருபம் கொடுக்கும் மருந்து என்னவென்பதை நாம் அநேகமாய்க் கவனிப்பதில்லை. தனியே உட்கார்ந்து உன்னையே சோதித்துக்கொள் என்று 3ஆம் அதிகாரம் 13ஆம் வசனம் சொல்லவில்லை. "இன்று என்னப்படுமளவும் நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்கிறது. வஞ்சிக்கப்பட்ட ஒருவனுக்குத் தான் வஞ்சிக்கப்பட்டிருப்பது தெரியாது. ஆகவே அவனைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதைக் குறித்து இதே நிருபம் 10ஆம் அதிகாரத்தில் கவலைப்படுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை கைகுலுக்கிப் பிரிவது இந்தக் கட்டளையை நிறைவேற்றாது. உங்கள் ஜெபம் எப்படியிருக்கிறது என்று உங்களிடம் கேட்கும் உரிமையுள்ள ஒருவர் இருக்கிறாரா? அப்படி ஒருவர் இல்லையென்றால், இந்த வாரத்திலேயே ஒரு விசுவாசியிடம் போய் அந்த உரிமையைக் கொடுங்கள். கணவன் மனைவிக்குள் இது நடக்குமானால் மிகவும் நல்லது. புத்திசொல்லுதல் என்பது குற்றம் கண்டுபிடித்தல் அல்ல. கடிந்துகொள்வதும் தேற்றுவதும் அதில் உண்டு; சோர்ந்துபோனவனுக்குத் தேவன் முன்பு செய்ததை நினைப்பூட்டுவதும் உண்டு.

சந்தேகங்களோடு போராடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் வேதனையைச் சகிக்கமாட்டாத ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிட்டுச் சொன்னான். கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை; பிள்ளையைக் குணமாக்கினார். சந்தேகத்தைத் தேவனிடத்தில் கொண்டுபோகிறவனை, தேவனுடைய சத்தத்துக்குச் செவியை அடைத்துக்கொள்ளுகிறவனோடு நாம் சேர்த்து எண்ணக்கூடாது. கேள்வி கேட்கும் வாலிபனை, அவிசுவாசி என்று சொல்லி வாயை மூடவைக்கும் மூப்பர்கள் இதை நினைவில்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்ளுகிறேன்.

என் இருதயம் ஏற்கெனவே கடினப்பட்டுப்போயிற்றே, இனி எனக்கு வழியுண்டா என்று யாராவது அஞ்சினால், மாற்கு 16ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டவர்கள் சொன்னதை நம்பாமற்போன பதினொருவரையும், 14ஆம் வசனத்தில் அவர் அவர்களுடைய அவிசுவாசத்தினிமித்தமும் இருதய கடினத்தினிமித்தமும் கடிந்துகொள்ளுகிறார். அடுத்த வசனத்திலேயே, அவர்களையே உலகமெங்கும் போய்ச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி அனுப்புகிறார்.