ஓட்டையை அடைத்துவிடுங்கள், கணினியை ஏன் தூக்கிப் போடுகிறீர்கள்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்தெல்லாம் கும்பகோணத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

கணினியையும் மென்பொருளையும் அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும் என்று எனக்கு முன்னால் பேசிய அம்மா அடித்துச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய பெரிய ஆதாரம் வான்னாக்ரை. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வைரஸ். பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்றார்கள்.

நடுவர் அவர்களே, அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதே விண்டோஸ் 7-இல் திருத்தத்தைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். புதுப்பெட்டி வாங்கியா தப்பித்தார்கள்? பாதுகாப்புத் திருத்தம் வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. வந்த அன்றைக்கே போடுங்கள். மதகுப் பலகை உளுத்துப்போனால் பலகையை மாற்றுகிறோம்; அதற்காக வாய்க்காலை வேறு பக்கம் வெட்டுகிறோமா?

சரி, விண்டோஸ் 10-க்கு வருகிறேன். 2015-இல் வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். 2017-இல் ஏழாம் தலைமுறைக் கணினி வாங்கியவருக்குப் பெரும்பாலும் கதவு மூடிவிட்டது. அந்தக் கணினி கெட்டுப்போனதா? இல்லை. கேட்டுப் பதிவு செய்தால் அந்தத் தேதிக்குப் பிறகும் ஒரு வருஷம் திருத்தம் தருகிறோம் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. அப்படியானால் அந்தப் பெட்டியில் திருத்தம் ஓடும்தானே?

அந்த அக்டோபர் 14 வந்தது புரட்டாசிக் கடைசி. ஆறு நாளில் தீபாவளி, அடுத்து ஐப்பசி முகூர்த்தம். நம் ஊர் டிடிபி கடைக்காரருக்குப் பத்திரிகை ஆர்டர் குவிகிற நேரம். அவர் பேஜ்மேக்கர் 7 என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறார். அது 2001-இல் வந்தது, அதற்குப் பிறகு 8 வரவேயில்லை. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கருமாதிக் கார்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேரன் கல்யாணத்துக்கு வருகிறவர், "அப்பா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்" என்பார். அதே வேலைக்கான புது மென்பொருளான இப்போதைய இன்டிசைன் அந்தக் கோப்பை நேரடியாகத் திறப்பதில்லை. எழுத்தை மட்டும் எடுத்து, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோட் எழுத்துருவில் ஒட்டினால், பழைய எழுத்துருவின் குறியீடு வேறு என்பதால் குப்பையாக வரும். ஒவ்வொன்றையும் மாற்றி, பிழை பார்க்க வேண்டும். அதற்கான கூலியை எதிரணி கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுவும் வாடிக்கையாளர் பாதிப்பேர் அறுவடை முடிந்து பணம் தருகிற ஊரில்!

அந்த ஒரு கணினியை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட்டு அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பென் டிரைவை மட்டும் சோதித்துச் செருகட்டும். தப்பே இல்லை.

நெல் கொள்முதலுக்குக்கூட ஆன்லைன் பதிவு வந்துவிட்டதே, பழசை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்கள். அதற்கு ஒரு பிரவுசர் போதும். பழைய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் ஃபயர்ஃபாக்ஸ் நன்றாகவே ஓடும். தமிழ் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும், திருத்தமும் காசில்லாமல் வரும். டேலியில் கணக்கு எழுதுகிற கடைக்கு விண்டோஸ் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கு வேகமான கணினி வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் வேலை கேட்கிறது, வாங்கட்டும்.

வீட்டில் பிள்ளை படிக்க ஒரு கணினி வைத்திருக்கிற குடும்பத்தைப் பயமுறுத்தி, நகையை அடகு வைத்துப் புதுசு வாங்கச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி: அந்தப் பிள்ளையின் எந்தப் பாடம் அந்தக் கணினியில் ஓடாது? ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லுங்கள். நடுவர் அவர்களே, அந்தப் பதிலைக் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.