மூக்குத்தியும் தாலியும் கோர்ட்டுக்குப் போன கதை

வணக்கம். சட்டம், அரசியல், சமுதாயம் மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் ஒரு வக்கீல் ஆபீசில் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன், அவ்வளவுதான். அதனால் நம் வீட்டுப் பெண்கள் போட்டிருக்கும் இரண்டு சின்னச் சாமான்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

முதலில் மூக்குத்தி. 2004-இல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்த தமிழ்ப் பெண் ஒருத்தி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். காதில் கம்மல் போடலாம், மூக்கில் கூடாது என்பது பள்ளியின் விதி. தாய் பள்ளிக்குக் கடிதம் எழுதினார்: இது ஃபேஷன் இல்லை, எங்கள் குடும்ப வழக்கம். பெண் வயதுக்கு வந்ததும் தங்க மூக்குத்தி போடுவோம், பதினாறு வயதானதும் பாட்டி அதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வாதம் செய்வார் என்று. பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. கல்வித் துறையும் பள்ளியின் பக்கமே நின்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நானும் பள்ளியின் பக்கம்தான். டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், “கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுப் போனால் என்ன? சாமி கோபித்துக்கொள்ளுமா?” என்று கேட்டவன் நான். என் மனைவி பதில் சொல்லவில்லை. சோற்றில் ரசத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள்.

கோர்ட்டிலும் பேச்சு இந்த இடத்தில்தான் வந்து நின்றது. மூக்குத்தி மதமா, கலாசாரமா? கட்டாயமா, விருப்பமா? கட்டாயம் இல்லை என்றால் கழற்றினால் நஷ்டம் என்ன? பாகுபாடு வழக்குகளைப் பார்க்கும் சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி ஜெயித்தது, உயர்நீதிமன்றத்தில் குடும்பம் ஜெயித்தது. 2007 அக்டோபர் 5-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் நாட்டின் உச்ச மன்றமான அரசியலமைப்பு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் முடிவு சொன்னது. அந்தக் குடும்பத்தின் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ என்று சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்தப் பெண்ணுக்கு மூக்குத்தி கட்டாயம் இல்லை என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் ஒரு பழக்கம் விருப்பத்தால் செய்யப்படுகிறது என்பதற்காகச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்கிறார். மதமும் கலாசாரமும் அவளிடத்தில் பின்னிக்கிடக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்கிறார். நீதிபதி கேட் ஓ'ரீகன் தனியாக எழுதினார்; அவர் கணக்கில் இது மதம் இல்லை, கலாசாரம். நம் வீடுகளில் அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை, அவர்களுக்கு மட்டும் எப்படி முடியும்!

தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். அவளுக்கு அதனால் கையில் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளிக்குத்தான் வேலை வந்தது: மதம், கலாசாரம் காரணமாக யாராவது விதிவிலக்குக் கேட்டால் எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்று, பெற்றோரையும் மாணவிகளையும் கலந்து, விதிகளில் எழுதி வை என்றது கோர்ட்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்கு முன்னால் இப்படி ஒரு வழக்கு வந்திருக்காது. மூக்குத்திக்கு அப்போது மரியாதை இருந்தது என்று நினைக்காதீர்கள். 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் நம்மை நம் பேட்டைகளுக்குள் அடைத்தது. பள்ளியும் இந்தியப் பள்ளி. 1984-இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று ஆளுக்கொரு சபை வைத்த மூன்று சபைப் பாராளுமன்றம் வந்தபோது, இந்தியர்களின் கல்வியை ‘சொந்த விவகாரம்’ என்று பெயர் வைத்து நம் சபையிடம் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தச் சபைக்கு நடந்த தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களிலேயே ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு பெட்டி போட்டு வைத்தால் உரசல் தெரியாது. பெட்டியைத் திறந்து எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவள் மூக்கு கண்ணில் படுகிறது.

சரி, தாலிக்கு வருவோம். இது பழைய கணக்கு. 1913 மார்ச் மாதம் கேப் டவுனில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். அதன்படி, கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவும் செய்யப்படாத திருமணம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. ஒரே நாளில் நம் பாட்டிமார் எல்லாம் சட்டப்படி மனைவி இல்லை என்று ஆனார்கள். அந்த வருடம் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரி ஒரு காரணம், இது இன்னொரு காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிறைக்குப் போய் நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். அந்த வருடமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. வரி ஒழிந்தது. திருமணத்துக்கும் வழி கிடைத்தது, ஆனால் பதிவேட்டின் வழியாக.

அந்தப் பதிவேடு இன்றும் நம்மை விடவில்லை. சாட்ஸ்வர்த்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் போய்ப் பாருங்கள். தாலி கட்டியாகிவிட்டது, அட்சதை தூவியாகிவிட்டது, பிரியாணி வாசனை வருகிறது. மூலையில் ஒரு சின்ன மேசை. ஐயரே அரசாங்கத்தின் திருமண அதிகாரியாகவும் இருந்தால் அங்கேயே கையெழுத்து. மஞ்சள் ஒட்டிய விரலால் பெண் பேனாவைப் பிடிக்க, தாளில் மஞ்சள் ரேகை விழும். ஐயர் திருமண அதிகாரி இல்லை என்றால் உள்துறை அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அப்புறம் போகலாம் என்பார்கள். பலர் போவதே இல்லை.

எங்கள் ஆபீசுக்கு ஒரு அம்மா வந்தார். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கல்யாணப் பத்திரம் கேட்டேன். அந்த அம்மா கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, என் மேசையில் ஃபைலுக்கு மேல் வைத்தார். “இதுதானய்யா பத்திரம்.” நான் அதைத் தொடவில்லை. வக்கீலைக் கூப்பிடப் போனேன்.

அப்போது அவருக்கு நல்ல பதில் சொல்ல முடியவில்லை. பிறகு டர்பன் உயர்நீதிமன்றத்தில் கோவெண்டர் எதிர் ராகவையா என்ற வழக்கு வந்தது. 2009-ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் செய்து, ஒரே மனைவியாக வாழ்ந்த பெண்ணும், உயில் இல்லாத சொத்து விஷயத்தில் வாழ்க்கைத் துணைதான் என்று அதில் முடிவானது. (கவுண்டர் கோவெண்டர் ஆனதும் காகிதத்தில் யாரோ எழுதியதால்தான். அது வேறு கதை.)

1913-இலிருந்து கிட்டத்தட்ட நூறு வருடம். அதுவும் சொத்துக்கு மட்டும். இந்துத் திருமணத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. முஸ்லிம் பெண்களுக்காக 2022-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பாராளுமன்றத்துக்குக் கெடு வைத்த பிறகுதான் 2024-இல் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. அரசியல்வாதிகளைத் திட்டுவது சுலபம். 2022 கணக்கெடுப்பில் இந்தியர் 2.7 சதவீதம், அதில் தமிழர் ஒரு பங்கு. பாராளுமன்றத்தின் தேசிய சபையில் 400 இடங்களும் ஓட்டு விகிதத்தில் நிரம்புகின்றன. கதவைத் தட்ட நம் தொகுதிக்கென்று ஒரு எம்.பி. இல்லை. அதனால் எண்ணிக்கையில் சின்னவர்கள் கோர்ட்டின் கதவைத் தட்டுகிறார்கள். தட்டப் பணமும் பொறுமையும் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த வழக்கம் பிழைக்கிறது என்பது முடிவாகிறது. இது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது.

போன வருடம் என் பேத்திக்கு மூக்குக் குத்தினோம். அவள் பள்ளியில் விதிவிலக்குக் கேட்க ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: உங்கள் மதத்தில் இது கட்டாயமா? அதை வைத்துப் பாதுகாப்பு இல்லாமல் போகாது என்று லாங்கா சொன்ன அதே கேள்வி! என் மகள் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, ஆமாம்னு போட்டுடவா? தொல்லை விடும்.”

உள்ளே இருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “பொய் எழுதாதே. கட்டாயம் இல்லை, பாட்டி ஆசைப்பட்டாள்னு போடு.”

அப்படியே போட்டாள். இரண்டு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. நன்றி, வணக்கம்.