வெள்ளம் எதுவரை வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையில் தண்ணீர் நிற்கும் தெருக்களைத் தன்னார்வலர்கள் இணைய வரைபடத்தில் குறித்துக்கொண்டே இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அது தண்ணீர் வந்த பிறகு நடந்த வேலை. அதே ஆண்டு, தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்தில், அடுத்த வெள்ளம் வருவதற்கு முன்பே வரைபடம் போட ஆரம்பித்தார்கள். 'ரமனி ஹுரியா' என்று பெயர். சுவாஹிலி மொழியில், எல்லோருக்கும் திறந்திருக்கும் வரைபடம் என்று பொருள்.

அந்த நகரத்தின் நடுவே ம்சிம்பாசி ஆறு ஓடுகிறது. 2011 டிசம்பர் மழையில் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கி, சுமார் 40 பேர் இறந்தார்கள். நகர மக்களில் பெரும்பாலோர் திட்டமில்லாமல் வளர்ந்த பகுதிகளில் வசிப்பவர்கள். அங்கே எந்தச் சந்து எங்கே போகிறது, எந்தக் கால்வாய் எங்கே முடிகிறது என்பதற்குச் சரியான வரைபடமே இல்லை.

பல்கலைக்கழக மாணவர்களும் அந்தந்தப் பகுதி மக்களும் கைபேசியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். மேலிருந்து டிரோன் படம் எடுத்தது. ஆனால் கால்வாய் எவ்வளவு ஆழம், சிமெண்ட் பூசியதா மண் கால்வாயா, குப்பை அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். எடுத்த விவரங்களை யாரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கேட்ட ஒரு கேள்விதான். போன வெள்ளத்தில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் வந்தது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? கணுக்கால் வரையா, முழங்கால் வரையா, இடுப்பளவா, நெஞ்சளவா என்று கேட்டார்கள். அதற்கு யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தவருக்கு அது உடம்பிலேயே பதிந்திருக்கும். அப்படி வீடு வீடாகச் சேர்ந்த பதில்களை வைத்து, எந்தப் பக்கம் ஆழம், எந்த வழியாக மக்களை வெளியேற்றலாம் என்று திட்டமிட முடிகிறது.

சரி, எல்லோரும் மனம்விட்டுப் பேசிவிடுவார்களா? ம்சிம்பாசி பள்ளத்தாக்கில் அரசு அதிகாரிகள், இடிக்க வேண்டிய வீடுகளின் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டு, 2015 டிசம்பரில் இடிக்கவும் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கைபேசியோடு வாசலில் வந்து நிற்கும் அந்நியரைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். இங்கே இடுப்பளவு தண்ணீர் வந்தது என்று சொன்னால், அதையே காரணம் காட்டி வீட்டை இடித்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் தகவல் மட்டும் வாங்கிப் போவதைப் பங்கேற்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அங்கே சில வீடுகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் 'ம்ஜும்பே' என்றொரு பிரதிநிதி உண்டு. அந்த வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிந்தவர். அவர் கூட வந்து, இது எதற்காக, யார் கையில் போகும் என்று முதலில் சொல்ல வேண்டும். தண்ணீர் எதுவரை வந்தது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

நன்றி, வணக்கம்.