இரு பக்கத்துக்கும் ஒரே இசை

(கூடலூரில் ஒரு திரையிடலுக்குப் பின் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இப்போது பார்த்தது பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி ஜில்லோ பொண்டெகோர்வோ 1966-இல் எடுத்த 'அல்ஜியர்ஸ் போர்'. அதில் ஓர் இடத்தை மட்டும் திரும்ப நினைத்துப் பாருங்கள். அல்ஜீரியர்கள் வாழும் பழைய நகர்ப் பகுதியான காஸ்பாவில் நள்ளிரவில் குண்டு வெடித்து வீடுகள் சரிகின்றன. இடிபாட்டிலிருந்து பிள்ளைகளைத் தூக்கி வரும்போது ஓர் இரங்கல் இசை எழுகிறது. அப்புறம் மூன்று பெண்கள் ஐரோப்பியர் பகுதிக்குக் குண்டு கொண்டுபோகிறார்கள். அங்கே ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருக்கும் குழந்தையைக் காமிரா காட்டிவிடுகிறது. குண்டு வெடித்த பிறகு கேட்பதும் அதே இசைதான்! அடிமைப்படுத்தியவன் யார் என்பதில் படத்துக்குக் குழப்பமே இல்லை. ஆனால் சாவுக்கு அழும்போது ஆள் பார்க்கவில்லை.

மேடையிலும் இப்படி ஒன்று நடந்தது. 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். டீப் பர்ப்பிள் ராக் குழுவும் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் சேர்ந்து வாசித்தன. இசை ஜான் லார்ட், நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். முதல் பகுதியில் இரண்டையும் எதிராளிகளாகவே மோதவிட்டார் லார்ட். ரிச்சி பிளாக்மோர் தனியாகக் கித்தார் வாசிக்கும் நேரம் முழுக்க அத்தனை வயலின்காரர்களும் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். எதிராளி சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பதைக் கண்ணால் பார்க்க நேரடி மேடை வேண்டும்.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களின் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறீர்கள், நானும் ஒருவன். என் அப்பா தப்பு அடிப்பவர். இந்த மலைப் பனியில் தோல் தொய்ந்துவிடும். கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறைக் கொளுத்தி, தப்பைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். 'டங்'கென்று வந்தால்தான் எழுந்திருப்பார். எங்கள் தோட்டத்தில் சங்கச் சண்டையால் இரண்டு லயன்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இடையே பேச்சுவார்த்தை கிடையாது. எந்த லயனில் சாவு விழுந்தாலும் அப்பா போவார், அதே அடிதான் அடிப்பார். ஒருவரும் தடுத்ததில்லை.

இந்தியாவுக்கு வர இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் கதையை யாராவது படமாக எடுக்க வேண்டும். இளைஞர்களே, எடுத்தால் அதை இந்த மலையில் நேரடி இசையோடு திரையிடுங்கள். கித்தாரும் வயலினும் இருக்கட்டும். மேடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மிலாறு நெருப்பும் போட்டு வையுங்கள், தப்பு காய்ச்ச.