நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறதா?

வணக்கம். கொழும்பில் சத்திரசிகிச்சை வார்டுகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், கால் புண்களுக்கு மருந்து கட்டியே பாதி வருஷங்கள் போயின. இரத்தக்குழாய் வருத்தங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எல்லாம் சொல்ல நேரம் போதாது, கால்களைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறேன்.

புறக்கோட்டையில் கடை வைத்திருந்த ஓர் ஐயா. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு நடக்கும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குமாம், இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுமாம், திரும்ப நடந்தால் திரும்பப் பிடிக்குமாம். வயசு போனால் இப்படித்தான் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டார். சீனி வருத்தம், அதோடு சிகரெட். எங்களிடம் வந்தபோது பெருவிரல் கறுத்திருந்தது. அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

அது மூட்டு நோ இல்லை. நாடிக்குள், அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவருகிற குழாய்க்குள், கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கிவிட்டது. சும்மா இருக்கும்போது வருகிற இரத்தம் போதும், நடக்கும்போது தசை கூடக் கேட்கும், கிடைக்காது, நோகும். கண்டுபிடிக்க ஊசிகூடத் தேவையில்லை. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் கணக்கைக் கைக் கணக்கால் பிரிப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் நாடி ஒடுங்கியிருக்கிறது. சீனி வருத்தக்காரருக்கு நாடிச் சுவர் இறுகி அந்தக் கணக்குப் பொய்யாகக் கூடிக் காட்டலாம், அப்போது கால்விரலில் பார்க்க வேண்டும். அவர்களுக்கு நரம்பு மரத்து நோவே தெரியாமலும் போகும், எனக்குப் பெரிய பயம் அதுதான்.

சரி, யாரிடம் போவது? இதய டொக்டரிடமா என்றுதான் நிறையப் பேர் கேட்பார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் வெளியே உள்ள நாடி நாளங்களைப் பார்ப்பவர் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர்: கழுத்து நாடி, வயிற்றில் வீங்கிய பெருநாடி, காலில் சுருண்ட நாளம், டயலிசிஸுக்குக் கையில் செய்கிற இணைப்புக்கூட. வழக்கமாகக் காட்டுகிற டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அவருடைய கிளினிக்குக்குப் போங்கள். சத்திரசிகிச்சை என்ற பெயருக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், பெரும்பாலானோருக்கு முதலில் மாத்திரை, சிகரெட்டை விடுவது, நடை. புண் இல்லாதவர் நோகும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்கலாம். காலிமுகத்திடல் இதற்கு நல்ல இடம். அப்புறம்தான் பலூன், ஸ்டென்ட், பைபாஸ்.

ஒன்று மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காது. கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, மரத்துப் போனால் ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்தம் திரும்ப ஓட வேண்டும். சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம், தேய்க்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.