இது திமிரா, காதா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். "ஐயா, வேலை விஷயமாக ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்துவிட்டு ஜூலையில் திரும்பினேன். வந்ததிலிருந்து தியேட்டரில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க முடியவில்லை. பேசுகிறார்கள், போன் அடிக்கிறது, குழந்தை ஓடுகிறது. பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன். 'வெளிநாடு போனதும் திமிர் வந்துவிட்டது' என்று வீட்டில் சொல்கிறார்கள். இது திமிரா ஐயா? நீங்களும் ஜப்பான் போய்வந்தீர்களே, எப்படிச் சமாளித்தீர்கள்?"

திமிர் இல்லை, தங்கச்சி. காது. என் பழைய பல்லவி தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெளியூர் போனால் முதலில் அழுவது நாக்கு, கடைசியில் வீடு வந்து சேர்வது காது. சாம்பார் சாதம் சாப்பிட்ட அன்றைக்கே நாக்கு ஊருக்கு வந்துவிடும். உடம்புக்கு நாலைந்து நாள் ஆகும். காதுக்கு எவ்வளவு நாள் என்று கணக்கே கிடையாது.

முதலில் உடம்பை முடித்துவிடுவோம், அது சுலபம். கோடைக்காலக் கணக்கில் ஜெர்மனிக்கும் நமக்கும் 3.30 மணி நேர வித்தியாசம். ஜப்பானுக்கும் நமக்கும் அதே 3.30. ஆனால் நீங்கள் கிழக்கே பார்த்து வந்தீர்கள், நான் மேற்கே பார்த்து வந்தேன். உடல் கடிகாரம் பற்றி முன்பு ஒரு முழுப் பேச்சே பேசியிருக்கிறேன். மூளைக்குள், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு சின்ன நரம்புச் செல் திரள்தான் அது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள், 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் நாளை நீட்டுவது அதற்குப் பிடிக்கும், சுருக்குவது பிடிக்காது. மேற்கே வந்த எனக்கு நாள் நீண்டது. கிழக்கே வந்த உங்களுக்குச் சுருங்கியது. ஒரே 3.30 மணிதான், ஆனாலும் உங்கள் பாடு என் பாட்டைவிடக் கொஞ்சம் அதிகம்.

எனக்கு என்ன ஆனது என்றால், மதுரையில் விடிகாலை 2.30க்கு டாண் என்று விழிப்பு. டோக்கியோவில் அப்போது காலை 6 மணி. சரி, எழுந்தாயிற்றே என்று டிவியைப் போட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தேன். அதுதான் தப்பு. அந்த வெளிச்சம், "ஆமாம் ஐயா, இன்னும் டோக்கியோதான்" என்று கடிகாரத்துக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. நான்கு நாளில் முடிய வேண்டியதைப் பத்து நாளாக்கிக்கொண்டேன். ஊர் திரும்பியதைக் கொண்டாட மாலைக் காட்சிக்குப் போனால், 7 மணிக்கு என் உடம்பில் இரவு 10.30. நாயகன் அறிமுகமாகும் பாட்டிலேயே குறட்டை. இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பையன் தோளைத் தட்டி எழுப்பினான். உங்களுக்கு இது அப்படியே தலைகீழ். காலை 6 மணிக்கு அம்மா எழுப்பும்போது உங்கள் உடம்பில் நள்ளிரவு 2.30. அந்த எரிச்சலோடு பகல் முழுக்க இருந்துவிட்டு, அதே எரிச்சலைத் தியேட்டருக்கும் கொண்டுபோகிறீர்கள். முதல் வாரக் கோபத்தில் பாதி இதுதான். காலை வெயிலில் அரை மணி நேரம் நடந்திருந்தால் சீக்கிரம் சரியாகியிருக்கும். அது முடிந்துபோன கதை, விடுங்கள்.

இப்போது காது. மகள் டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறாள். இந்தியர்கள் நிறையக் குடியிருக்கிற பகுதி, தோசை மாவுகூடக் கிடைக்கும். நாற்பது நாள் இருந்தேன். ரயிலில் ஏறினால் ஆள் நெருக்கியடிக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. போன் மணி அடிக்கவே கூடாது. போனில் பேசவும் கூடாது. முதல் நாள் நான் வீட்டுக்காரம்மாவிடம் சாதாரணமாகத்தான் "அடுத்த ஸ்டேஷனா?" என்று கேட்டேன். மதுரையில் அது கிசுகிசு. அங்கே அது ஒலிபெருக்கி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்காததே எனக்கு உறைத்தது.

சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். டிக்கெட் 2,000 யென், நம் காசுக்கு ஆயிரத்துக்கும் மேல். மதுரையில் குடும்பத்தோடு போய், பப்ஸும் சாப்பிட்டுவிட்டு வரலாம். பாப்கார்ன் தட்டு கைப்பிடியில் வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது, அதற்கென்றே ஓர் ஓட்டை. படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளம்பரம், தலைக்குப் பதிலாகக் கேமரா வைத்த ஒரு ஆள் கோட்டு சூட்டோடு நெளிந்து நெளிந்து ஆடுகிறான். திரையைப் படம் பிடிக்காதே, பிடித்தால் போலீஸ் பிடிக்கும் என்று அர்த்தம். எந்தப் படத்துக்குப் போனாலும் அவன் வந்துவிடுகிறான். நமக்குப் புகையிலை விளம்பரம் மாதிரி அவர்களுக்கு அவன். அப்புறம் படம். சிரிப்புக் காட்சியில்கூடச் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வருகிறது. படம் முடிந்ததா, நான் எழுந்துவிட்டேன். மகள் வேட்டியைப் பிடித்து இழுக்காத குறை. பெயர்ப் பட்டியல் ஓடுகிறது, ஓடுகிறது, அத்தனை பேரும் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிப் பெயரும் போன பிறகுதான் விளக்கு. நம் ஊரில் கடைசி வசனம் முடிவதற்கு முன்பே கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டுவிடுவார்கள். வெளியே வரும் வழியில் பணியாளர் ஒருவர் குப்பைத் தொட்டிகளோடு நிற்கிறார். தட்டை, கோப்பையை அவரவரே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொரு நாள் அங்கே ஒரு தெலுங்குப் படம் பார்த்தோம். பாதியில் திரையில் 'இடைவேளை' என்று பெரிய எழுத்து வந்தது. அறுபது வருடப் பழக்கம், நான் காபிக்கு எழுந்துவிட்டேன். எழுத்து மறைந்தது, அடுத்த காட்சி ஓட ஆரம்பித்தது. விளக்கே போடவில்லை. நடு வரிசையில் நான் மட்டும் சிலை மாதிரி நின்றேன். நம் படங்கள் இரண்டு பாதியாகவே எழுதப்படுகின்றன என்று இடைவேளை பற்றிய பேச்சில் சொன்னேனே, அது அன்றைக்குத்தான் உடம்பால் புரிந்தது. கேள்விக்குறியோடு நம்மை வெளியே அனுப்பி, பத்து நிமிடம் பேசவிட்டு, உள்ளே கூப்பிடுகிற வித்தை அது. அந்தப் பேச்சும் படத்தில் சேர்த்திதான். அதை எடுத்துவிட்டால் ஒரு காட்சி காணாமல் போன மாதிரி இருக்கிறது. நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள், உங்கள் ஜெர்மனிக்குப் பக்கத்திலேயே சுவிட்சர்லாந்தில் பல தியேட்டர்களில் இடைவேளை விடுகிறார்கள்.

நான் எங்கிருந்து போனவன் என்றும் பார்க்க வேண்டும். மதுரைத் தங்கம் தியேட்டர் கதையைப் பத்து முறை சொல்லியிருக்கிறேன், பதினோராவது முறையும் கேளுங்கள். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர், 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று எங்கள் ஊரில் மார்தட்டுவோம். அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். முன்னால் பெஞ்சில் ஒரு விசில் கிளம்பினால் அது அலை மாதிரி பின்வரிசைக்கு வந்து சேரும். வசனம் பாதிதான் கேட்கும், மீதியைப் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அப்படி வளர்ந்த காது, தங்கச்சி. அதை நாற்பது நாளில் ஜப்பான் துடைத்து வைத்துவிட்டது.

திரும்பி வந்து, தூக்கமெல்லாம் சரியான பிறகு, ஒரு மதியக் காட்சிக்குப் போனேன். புகையிலை விளம்பரக் குரல் கேட்டதும் ஆகா, ஊருக்கு வந்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம், சிரிக்காதீர்கள். படம் தொடங்கியது. பின்னால் ஒரு அம்மா. "இப்ப அவன் வர்றான். சிவப்புச் சட்டை. கதவத் தொறக்குறான். அவ அழுவுறா." ஐந்து நிமிடம் பொறுத்தேன். பத்து நிமிடம். திரும்பி, "அம்மா, கொஞ்சம் மெதுவா" என்றேன். அவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஏன்யா, உனக்குப் படம் புரியலையா? நான் சொல்றேன் கேளு." அதற்குப் பிறகு எனக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார். இடைவேளை விளக்கில்தான் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் இன்னும் வயதான ஒரு அம்மா, கண்ணில் பார்வை ரொம்ப மங்கல். அக்காவாம். தங்கை சொல்லச் சொல்ல அக்கா படம் பார்க்கிறார். ஐம்பது வருடமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் படத்துக்கு வருகிறார்களாம். எனக்கு ஒரு முறுக்கும் கொடுத்தார்கள்.

அதற்காக எல்லாச் சத்தத்தையும் நான் நியாயப்படுத்தவில்லை. போனை எடுத்து "படத்துல இருக்கேன், சொல்லு" என்று பத்து நிமிடம் வட்டிக் கணக்குப் பேசுகிற ஆளுக்கு எந்த அக்காவும் கிடையாது. அவர் மேல் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்தான், ஜெர்மனி போகாதவருக்கும் வரும்.

ஆனால் நீங்கள் என்னிடம் வேறொன்று கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "ஐயா, அவர்கள் பிறவியிலேயே அமைதியானவர்களா?" இதைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமகசாகி என்று ஒரு ஊர். அங்கே சுகாகுச்சி சன்சன் தியேட்டர் என்று சின்னத் தியேட்டர். இந்தியப் படங்களுக்கு அங்கே 'மசாலா காட்சி' என்று போடுகிறார்கள். பெயரே மசாலா. அந்தக் காட்சியில் கத்தலாம், ஆடலாம், காகிதம் தூவலாம், கயிற்றை இழுத்தால் வெடிக்கிற சின்ன வெடி போடலாம், கஞ்சிரா மாதிரி ஒன்றைத் தட்டலாம். மருமகன் கூட்டிப்போனார். எதெது செய்யலாம், எதெது கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ரயிலில் மூச்சு விடும் சத்தம்கூட வராமல் வந்த அதே பெண்கள் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாயகன் வந்ததுதான் தாமதம், கூரை பறக்கிறது. வில்லனைத் திட்டுகிறார்கள். பாட்டுக்கு எழுந்து ஆடுகிறார்கள், அசைவு பிசகாமல். நானோ, தங்கம் தியேட்டர் பெஞ்சில் வளர்ந்தவன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனேன், காற்றுதான் வந்தது. முப்பது நாள் அமைதியில் விசில் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டியம்மா என் கையில் இரண்டு பிடி காகிதத் துண்டைத் திணித்து, தூவு தூவு என்று ஜாடை காட்டினார். மதுரைக்காரனுக்கு ஜப்பான்காரர் சினிமா பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்! படம் முடிந்ததும் அவர்களே குனிந்து காகிதத்தைப் பொறுக்கினார்கள், அது வேறு.

அவர்களுக்கும் சத்தம் பிடிக்கும், தங்கச்சி. அதற்கென்று நேரம் ஒதுக்கி, டிக்கெட் வாங்கி, கத்திவிட்டு வருகிறார்கள். நாம் நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். ரஜினியின் 'முத்து' 1995இல் நமக்கு வந்தது, 1998இல் டோக்கியோவில் ஷிபுயாவில் சினிமா ரைஸ் என்ற தியேட்டரில் வந்தது. ஆடும் மகாராஜா என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து மாதக்கணக்கில் ஓட்டினார்கள். அந்தத் தியேட்டரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் போனேன். 2016லேயே மூடிவிட்டார்களாம். வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். தங்கம் தியேட்டர் இருந்த இடத்திலும் இப்போது ஜவுளிக்கடைதானே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன், பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன் என்று சொல்லக்கூடாது. ஒன்று, வீட்டில் தனியாக இயர்போன் மாட்டிக்கொண்டு படம் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அது காதை ஜெர்மனியிலேயே வைத்திருக்கும். இரண்டு, முதலில் நீங்கள் முக்கியமாக நினைக்கிற படத்துக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே பார்த்து, மனப்பாடமான பழைய படம் எதையாவது மறுபடி வெளியிடுவார்கள். அதற்குக் கூட்டமான காட்சியாகப் பார்த்துப் போங்கள். வசனம் காதில் விழாவிட்டால் நஷ்டம் இல்லை, எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், நீங்களும் சொல்வீர்கள். எனக்குக் காது அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. வீட்டில் உங்களைத் திமிர் என்று சொன்னவர்களையும் கூட்டிப்போங்கள், டிக்கெட் அவர்கள் செலவு.

எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. படம் முடிந்ததும் பாப்கார்ன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வருகிறேன். வாசலில் அந்தப் பணியாளர் நிற்பார் என்று கால் தானாக நிற்கிறது. யாரும் இல்லை. கீழே போட மனசு வரவில்லை. நேற்று வீட்டுக்காரம்மா ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, ஐந்து டப்பாவையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இதற்கு யாருக்காவது வழி தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த கேள்வி, பரமக்குடியிலிருந்து.