ஒன்பது தட்டில் ஒரு றொக் பாட்டு

வணக்கம். பேச்சுக்கு முன் எல்லோரும் ஒருமுறை கை தட்டுங்கள்: தக திமி தக தகிட, தக திமி தக தகிட. ஒன்பது அட்சரம். மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் இதைச் சங்கீர்ணம் என்பார்கள். துருக்கியில் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணி, கல்யாண வீட்டில் ஆடுவார்கள். இந்தத் தாளத்தில் றொக் பாடியவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1965இல் ஹுரியெத் என்ற துருக்கி நாளிதழ் ஒரு பாட்டுப் போட்டி வைத்தது. வாத்தியம் மேற்கத்தியதாக இருக்கலாம், பாட்டு துருக்கியுடையதாக இருக்க வேண்டும். கிற்றார் பிடித்த பையன்கள் கிராமத்துப் பாட்டின் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஆஷிக் வெய்செல் போன்ற பாவலர்கள் இருந்தார்கள். வெய்செல் சிறு வயதில் அம்மையில் பார்வை இழந்தவர், சாஸ் என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடியவர்.

இந்த சாஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிற்றாரின் மெட்டுகள், அதாவது சுரம் பிரிக்கக் கழுத்தில் குறுக்கே இருக்கும் கம்பிகள், அசையாத உலோகம். சாஸின் மெட்டுகள் கழுத்தில் சுற்றிக் கட்டியவை, நகர்த்தலாம். அதனால் கிற்றாரின் இரண்டு மெட்டுகளுக்கு நடுவே கிடக்கிற சுரமும் அதில் பேசும். றொக் பாடகர் எர்க்கின் கொராய் போன்றவர்கள் அதற்கு மின்சாரம் கொடுத்தார்கள். அந்த மயக்கும் ஒலி அப்படித்தான் பிறந்தது.

1980இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாடகி செல்டா பாஜான் சிறை போனார். ஜெர்மனியில் இருந்த றொக் பாடகர் ஜெம் கராஜா 1987இல்தான் ஊர் திரும்பினார். அந்த வலியை இந்தத் திருகோணமலை ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் 2016இல் ஆம்ஸ்டர்டாமில் அல்தின் குன் என்ற குழு தொடங்கியது. அந்தப் பழைய இசைத்தட்டுகளில் மயங்கிய ஒரு டச்சு பேஸ் கிற்றார் கலைஞர், துருக்கி வேர் கொண்ட பாடகர்களைத் தேடிச் சேர்த்தார். அவர்களின் இரண்டாவது இசைத்தொகுப்பு கிராமி விருதுக்கான பரிந்துரை வரை போனது.

நமக்கும் இது அந்நியமில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாட்டில் நம் பேச்சுத் தமிழை ஆடவைத்தவர்கள். ஆனால் நம் மீனவரின் அம்பாப் பாட்டை நாம் இன்னும் சரியாகத் தொடவில்லை என்பது என் ஆதங்கம். கரைவலை இழுக்கையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்களே, அதுதான். வலையின் பாரமே அதற்குத் தாளம். பிறகு பல கரைகளில் வலை இழுக்க உழவு இயந்திரம் வந்தது, பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

கிற்றார் வைத்திருக்கிற பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை விடிய முன்னம் திருக்கடலூர்க் கரைக்குப் போவோம். பெரியவர்களைப் பாடச் சொல்லி ஃபோனில் பதிவு செய்வோம். அன்றைக்குக் கிற்றார் வீட்டிலேயே இருக்கட்டும். நானும் வருகிறேன்.